அப்பாவுக்கு ஒரு வண்டி, மூட்டைக்கு ஒரு வண்டி

போன தை மாதத்தில் ஒரு மதிய நேரம். பரங்கிப்பேட்டையிலிருந்து பி.முட்லூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு விவசாயி வீட்டு வாசலில் வெள்ளை அம்பாசடர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த மகன் இறங்கி, பின்கதவைத் திறந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். அப்பாவுக்கு 74 வயது. களத்து மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து மூன்றாவது மாதம். வாரம் ஒரு முறை சிதம்பரத்துக்குப் போய் வர வேண்டியிருந்தது.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்ததும் அப்பா கேட்டது தண்ணீர் இல்லை. "அடுத்த வாரம் நான் பஸ்லயே போய்க்கிறேன்டா" என்றார்.

மகனுக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரத்துக்கு முன்புதான், அப்பாவுக்காகத்தான், வண்டிக்குக் கையில் இருந்த பணத்தைச் செலவழித்திருந்தார். பின்பக்கம் தாழ்ந்து போயிருந்த வண்டி இப்போது கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. அப்புறம் ஏன் அப்பா பேருந்தில் போகிறேன் என்கிறார்? கேட்டபோது பதில் வரவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து சொன்னார்: "வழி நெடுக மேல இருக்கிற கைப்பிடியைத் தொங்கிக்கிட்டே வந்தாராம். கை வலிக்குதுன்னு நேத்தே சொல்லிக்கிட்டிருந்தாரு."

வில் வண்டி வீடு

அந்த வீட்டுக்கு மூன்று ஏக்கர். பள்ளத்தில் சம்பா நெல், அதன் தரிசில் உளுந்து, மேட்டு மணலில் மல்லாட்டை, கிணற்றோரம் கால் ஏக்கரில் கத்தரியும் வெண்டையும். வண்டி என்றால் அந்த வீட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. அப்பாவின் அப்பா காலத்தில் அங்கே வில் வண்டி இருந்தது. கட்டை வண்டியில் எரு, நெல், வைக்கோல் எல்லாம் போகும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியையும் வயதானவர்களையும் கோயிலுக்கோ வைத்தியரிடமோ அழைத்துப் போவது வில் வண்டியில்தான். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த வில் வளைந்து கொடுக்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அதிர்வு குறையும்.

1804-ல் லண்டனில் ஒபடையா எலியட் என்ற வண்டிப் பட்டறைக்காரர், பட்டைகளை அடுக்கி வளைத்த வில்லின் மேல் குதிரை வண்டியின் கூண்டை உட்கார வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே பட்டை வில்தான் நம் ஊர் வில் வண்டிக்கும் வந்தது. பிறகு லாரிக்கும் ஜீப்புக்கும் காருக்கும் போனது.

அம்பாசடர் காரும் அந்த வழிதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற காரை வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் அம்பாசடரைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. காரின் முன்பக்கத்தைத் தாங்குவது டார்ஷன் பார் எனப்படும் நீளமான முறுக்குக் கம்பி. பள்ளம் வரும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு திரும்ப விடும். பின்பக்கத்தைத் தாங்குவது, வில் வண்டியைப் போலவே, அடுக்கிய பட்டைகள்.

அப்பா இந்த வண்டியை 1998-ல், மல்லாட்டை நன்றாக விளைந்த ஒரு வருடம், இரண்டாம் கையாக வாங்கினார். 1994 மாடல், டீசல். மகள்களின் கல்யாணம், பேரன் பேத்திகளின் பிரசவம் எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான் ஓடியது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. அம்பாசடர் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் போனது. அப்பா விழுந்த பிறகுதான் திரும்பவும் வெளியே வந்தது.

முதலில் செய்த வேலை

வெளியே எடுத்தபோது வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. சின்னக் குழியில் இறங்கினாலும் 'டங்' என்று அடிவயிற்றில் இடித்தது. மகனின் கணக்கு இப்படி ஓடியது: எப்படியும் வாரம் ஒரு நாள் சிதம்பரம் போகிறோம்; விடியற்காலையில் கிளம்பினால் டிக்கியிலும் முன்சீட்டிலும் கத்தரி, வெண்டை மூட்டைகளைப் போட்டுக்கொள்ளலாம்; மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். டீசல் காசு அதிலேயே வந்துவிடும்.

தவறான கணக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் கேட்டபோதும், "ரெண்டு பட்டை சேர்த்துப் போடு, எவ்ளோ மூட்டை வச்சாலும் அசையாது" என்றுதான் சொன்னார்கள். சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டார். அவர்கள் பழைய லாரிப் பட்டையை அளவுக்கு வெட்டி, பக்கத்துக்கு இரண்டாகக் கட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள். வண்டி நிமிர்ந்தது. மூட்டை ஏற்றினாலும் தாழவில்லை. டயர் பிதுங்குகிறதே என்று காற்றையும் கூடுதலாக அடித்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிய பிறகுதான் பிரச்சினை. வெறும் வண்டியில் அப்பா மட்டும் பின்சீட்டில். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்பக்கம் எகிறியது. அப்பா சீட்டிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தார். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது வாரம்தான் பேருந்துப் பேச்சு வந்தது.

"எதுக்குச் சேர்த்தீங்க?"

பரங்கிப்பேட்டைக்குள் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். டாக்சி என்றாலே அம்பாசடர் என்றிருந்த காலத்தில் தொழில் கற்றவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. வண்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னா தம்பி, ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி பின்னால தூக்கிக்கிட்டு நிக்குது?"

நடந்ததைச் சொன்னார் மகன். எந்தப் பட்டறை என்று பாய் கேட்கவில்லை. "யாரு சேர்த்தாங்கன்னு எனக்கு வேணாம். எதுக்குச் சேர்த்தீங்க? அதைச் சொல்லுங்க" என்றார்.

"அப்பாவுக்காகத்தான் பாய். அப்படியே மூட்டையும்..."

"அதான் தம்பி சிக்கல். மூட்டைக்கு நல்லது வேற, அப்பாவுக்கு நல்லது வேற. ஒரே வில்லு ரெண்டுக்கும் சரியா வராது."

பிறகு அவர் விளக்கினார். மனிதன் நடக்கும்போது உடம்பு விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு முறை மேலும் கீழும் அசைகிறது. பிறந்ததிலிருந்து பழகிய அசைவு அது. நல்ல கார் அதைவிடச் சற்று மெதுவாக, விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை அசையும்படி வில்லை அமைத்திருப்பார்கள். வில் விறைப்பானால் அசைவு வேகமாகும்; உடம்புக்கு அது குத்தலாகத் தெரியும். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். அறுவை சிகிச்சை செய்த இடுப்பு தாங்காது.

லாரிப் பட்டை சேர்த்ததில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரே தடிமனுள்ள பட்டைகளில் ஒன்று கூட்டினால் விறைப்பு ஓரளவுதான் கூடும். ஆனால் பட்டையின் தடிமன் கூடினால் விறைப்பு மும்மடிப் பெருக்கலாக ஏறும். அதே நீளம், அதே அகலத்தில் தடிமன் மட்டும் இரண்டு மடங்கானால், விறைப்பு எட்டு மடங்கு. "லாரிப் பட்டை லாரிக்குச் செஞ்சது. மூணு டன்னு உக்காந்தாத்தான் அது வளையும். உங்க அப்பா அறுபது கிலோ இருப்பாரா?" என்று கேட்டார் பாய்.

பட்டை சேர்ப்பதால் வண்டியின் பலம் கூடிவிடாது என்பதையும் அவர் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அளவு அப்படியேதான் இருக்கும். பிரேக், டயர், அச்சு, பேரிங், பட்டையைத் தாங்கும் பாடி எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை. பட்டை தாழவில்லை என்பதால் ஓட்டுபவருக்குச் சுமை தெரியாது, அவ்வளவுதான். வளைய வேண்டிய இடம் வளையாவிட்டால், அந்த அடி வேறு எங்காவது போய் இறங்கும். முப்பது வருடத் துரு ஏறிய பாடியில் அது விரிசலாக வெளியே வரும்.

உண்மையான நோய்

அப்படியானால் வண்டி முதலில் ஏன் தாழ்ந்தது, ஏன் இடித்தது? பாய் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே போய்ப் பார்த்தார். மகனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. பட்டைக் கட்டைத் தொங்கவிடும் ஷேக்கிளின் ரப்பர் புஷ் ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது. மறுபக்கம் கூழாகிப் போயிருந்தது. பட்டைகளுக்கு நடுவே துரு பொருமி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இடது பக்க மெயின் பட்டையின் சுருட்டிய முனைக்கு அருகே முடி போல ஒரு கீறல்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பட்டை வண்டியின் எடையைத் தாங்குகிறது, அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வளைந்த வில் திரும்ப நிமிரும்போது ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயால் அடக்குவது ஷாக் அப்சார்பர். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் இருப்பது புஷ். பள்ளத்தில் இறங்கும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று வழுக்க வேண்டும். துருவால் ஒட்டிக்கொண்டால் ஏழு பட்டையும் ஒரே கட்டை மாதிரி ஆகிவிடும். ஆக, அந்த வண்டிக்குப் பலம் குறைந்ததல்ல நோய். அசைய வேண்டியது அசையவில்லை, அடங்க வேண்டியது அடங்கவில்லை. அதன் தலையில் இரண்டு லாரிப் பட்டையையும் ஏற்றியதுதான் மிச்சம்.

"இவ்ளோ துரு எப்படி பாய்? வாரா வாரம் கழுவுறேனே" என்றார் மகன்.

"எந்தத் தண்ணியில?"

"நம்ம போர் தண்ணியிலதான்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பரங்கிப்பேட்டைக்கும் இரும்புக்கும் பழைய சொந்தம் உண்டு. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாதுவை விறகுக்கரியில் உருக்கினார்கள். அந்த இரும்பு இங்கிலாந்துக்குக்கூடப் போனது. இரும்பு வார்த்த இதே ஊரின் காற்றுதான் இரும்பைத் தின்னவும் செய்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். மழை இல்லாவிட்டாலும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்க்காதவர்கள் இல்லை. வண்டியின் அடியில் படிந்த உப்பும் அதையே செய்கிறது. அதன் மேல் உவர்த் தண்ணீரை அடித்துக் கழுவினால், ஒவ்வொரு கழுவலிலும் புது உப்பைப் பூசுகிறோம் என்று பொருள்.

மகனுக்கு அது சட்டென்று புரிந்தது. அந்தப் போர் தண்ணீரை அவர் நாற்றங்காலுக்கு விடுவதில்லை. கத்தரிக்கே கிணற்றுத் தண்ணீரைக் கலந்துதான் பாய்ச்சுகிறார். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் தண்ணீர் ஏறிய வயல்களில் மழைத் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடித்த கதையும் அவருக்குத் தெரியும். பயிருக்கு ஆகாது என்று ஒதுக்கிய தண்ணீரைத்தான் வண்டிக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

என்ன மாற்றினார்கள்

பாய் ஒரு பட்டியல் எழுதினார். செய்ய வேண்டியது, செய்தால் நல்லது, வேண்டாதது என்று மூன்று பகுதி.

செய்ய வேண்டியதில் முதல் வேலை, லாரிப் பட்டைகளைக் கழற்றுவது. பிறகு மொத்தக் கட்டையும் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷால் தேய்த்துத் துரு எடுத்தார்கள். கீறல் விட்ட மெயின் பட்டைக்குப் புதிது. அதை வெல்டிங் வைக்கலாமா என்று மகன் கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார் பாய். பட்டையின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். பக்கத்திலேயே திரும்ப ஒடியும். தளர்ந்த பட்டையை கேஸ் நெருப்பில் காட்டி வளைப்பதும் அப்படித்தான். வளைவு ஏற்ற வேண்டுமென்றால், அதைப் பதம் கெடாமல் செய்யத் தெரிந்த ஸ்பிரிங் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். மற்ற பட்டைகளைக் கடலூரில் அப்படிச் செய்து வாங்கினார்கள்.

பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி, புது சென்டர் போல்ட்டு, புது யு போல்ட்டு போட்டுக் கட்டினார்கள். யு போல்ட்டு ஒரு முறை இறுக்கினால் இழுபட்டு நீண்டுவிடும். கழற்றியதைத் திரும்பப் போடுவது நல்லதல்ல. ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றினார்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சாயும். அம்பாசடரின் உற்பத்தி நின்று பல வருடம் ஆனாலும், சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரி பாகம் தேடினால் கிடைக்கிறது. பேருந்தில் போய் ஒரே நாளில் வாங்கி வந்தார் மகன்.

முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகள் நன்றாகவே இருந்தன. உயரம் மட்டும் ஒரு பக்கம் குறைந்திருந்தது. அதைக் கழற்றும் முன் பாய் இடது, வலது என்று பெயின்டால் குறி வைத்தார். பல வருடம் ஒரே பக்கமாக முறுக்கிப் பழகிய கம்பியை மறுபக்கம் மாற்றிப் போட்டால் ஒடிந்துவிடும் ஆபத்து உண்டு. உயரம் சரிசெய்து, முன் புஷ்களை மாற்றி, கிரீஸ் நிப்பிள்களைத் திறந்து பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதிதை ஏற்றினார்.

'செய்தால் நல்லது' என்ற பகுதியில் இரண்டே வேலை. பழைய நைலான் டயருக்குப் பதில், சரியான அளவில் ரேடியல் டயர். அதன் பக்கச் சுவர் சற்று வளைந்து கொடுக்கும். சின்னச் சின்ன அதிர்வுகளை அதுவே வாங்கிக்கொள்ளும். கூடுதலாக அடித்த காற்றைக் குறைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தது இரண்டாவது. அதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை. பாதிக் குத்தல் அதிலேயே குறைந்தது.

வேண்டாதது: பாலியூரிதேன் புஷ். "அது ரப்பரைவிட உழைக்கும், எண்ணெய்க்கும் அசையாது. வண்டி நல்லா பிடிச்ச மாதிரி ஓடும். ஆனா கொஞ்சம் கெட்டி. ரோட்டோட அதிர்வு உள்ள வரும். வயசானவருக்கு ரப்பரே போதும்" என்றார் பாய். விலை கூடியதெல்லாம் எல்லோருக்கும் மேம்பாடு இல்லை.

மொத்தச் செலவு மூன்று மூட்டை மல்லாட்டை விற்ற பணம். அதில் முதல் பட்டறையில் கொடுத்தது சேரவில்லை.

மூட்டை எங்கே போனது?

இதற்கும் பாயிடமே யோசனை கேட்டார் மகன். "அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? உங்க தெருவுல எத்தனை பேரு காய் போடுறாங்க?" என்றார் அவர்.

நான்கு பேர் போடுகிறார்கள். நான்கு பேரும் தனித்தனியாக மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது வாரம் மூன்று நாள் நால்வரும் சேர்ந்து ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். மூட்டைக் கணக்கில் வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டு வில் வண்டிக் காலத்து முறைதான் இது: ஆளுக்கு ஒரு வண்டி, சுமைக்கு ஒரு வண்டி. நடுவில் கொஞ்ச நாள் மறந்து போயிருந்தது.

நீங்களே பார்க்கலாம்

பழைய கார், ஆம்னி, ஜீப் எதுவாக இருந்தாலும், பட்டறைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். பாய் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவை இவை.

சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால், தாழ்ந்த பக்கம் பட்டையோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு மூலையாகப் பம்பர் பக்கம் நன்றாக அழுத்தி விடுங்கள். எழுந்து, ஒரு முறை தாழ்ந்து அடங்கினால் ஷாக் அப்சார்பர் சரி. இரண்டு, மூன்று முறை ஊஞ்சல் ஆடினால் அது போய்விட்டது. உடம்பில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையைத் தட்டித் தட்டி ஓடுகிறது என்று பொருள்.

பட்டைக்குக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. துருவுக்கு நல்லது என்று நினைத்து அடிக்கிறோம். அந்த ஆயில் வழிந்து ரப்பர் புஷ்ஷில் பட்டால் ரப்பர் ஊறிப் பொருமிவிடும். மேலே மண்ணும் ஒட்டும். கட்டைப் பிரித்துக் கிரீஸ் வைப்பதே சரி.

ரப்பர் புஷ் மாற்றினால், வண்டி தூக்கிய நிலையில் இருக்கும்போது போல்ட்டைக் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டியின் எடை முழுதும் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று இதை மட்டும் பார்த்துக்கொண்டாலே போதும். யு போல்ட்டைச் சுமார் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கி வைத்தோ வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடக் கூடாது. சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில் அந்த ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்கவே வேண்டாம்; அமுக்கி வைத்த சுருள் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

கடலோரத்தில் இருப்பவர்கள், வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பயிருக்கு ஆகாத தண்ணீர் இரும்புக்கும் ஆகாது.

பி.முட்லூர் தாண்டி

கழற்றிய நான்கு லாரிப் பட்டைகளையும் மகன் வீட்டுக்கு எடுத்து வந்து திண்ணை ஓரம் போட்டிருந்தார். எடைக்குப் போட்டுவிடலாம் என்றபோது அப்பா தடுத்தார். "பட்டை இரும்புடா அது. அதுல அடிச்ச அருவா தலைமுறைக்கு நிக்கும்." கொல்லர் பட்டறையில் கொடுத்ததில் இரண்டு அரிவாள், ஒரு கொடுவாள், மூன்று களைக்கொத்து வந்தன. அந்த இரும்புக்கு அதுதான் சரியான வேலையாக இருந்தது.

வேலை முடிந்த பிறகு முதல் முறை சிதம்பரம் போக வேண்டிய நாளில், அப்பா வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று யோசித்தார். "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். மகன் பதில் சொல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்தார். போகும்போது அப்பாவின் கை மேலே கைப்பிடியில்தான் இருந்தது. மகன் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே, வேகத்தடைகளில் தவழ்ந்து ஏறி இறங்கினார்.

அண்ணாமலை நகரில் சிகிச்சை முடிந்து திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. பைபாஸிலிருந்து பி.முட்லூரில் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் இறங்கும்போது மகன் வழக்கம்போல, "பார்த்துப்பா" என்றார். பின்னால் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால், அப்பா தலையைச் சீட்டில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது.

இப்போது அமாவாசைக்கு அமாவாசை அந்த வீட்டில் ஏர் பூட்டுவதில்லை, மண் வெட்டுவதில்லை. அன்றைக்குக் காலையில் கிணற்றுத் தண்ணீரில் வண்டியின் அடியைக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கிறார் மகன். எந்த நிப்பிள் விட்டுப்போனது என்று திண்ணையில் உட்கார்ந்தபடி அப்பா எண்ணிக்கொண்டிருக்கிறார்.